மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

“மயிரைக் கட்டி மலையை இழு; வந்தால் மலை, போனால் மயிர்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். போவது மயிர்தானே, அதனால் என்ன நட்டம் என்பது அப்பழமொழியின் உட்கிடை. ஆனால், 2,036 மீற்றர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் நமுனுகுல மலையின் அடிவாரத் தோட்டமொன்றில், இருபத்திரண்டு வயதிலேயே நெற்றி மேலேறத் தொடங்கிவிட்ட இளைஞன் ஒருவனிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள். அவன் சிரிக்க மாட்டான். மலை வேண்டாம், மயிரே போதும் என்பான்.

அவனுடைய துயரத்தை நகையாடுவது எளிது. ஆயினும் பெண் பார்க்கப் போன வீட்டில் தொப்பியைக் கழற்றத் தயங்கி நிற்பவனுக்கும், நண்பனின் திருமணப் படத்தில் பின்வரிசைக்கு ஒதுங்குபவனுக்கும் அது விளையாட்டு அன்று. சம்பள நாள் வந்ததும் பதுளை நகரிலோ, பசறை, லுணுகலை, வெலிமடைச் சந்தைகளிலோ அவன் ஓர் எண்ணெய்க் குப்பியை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறான். கொழுந்து மலையில் அவன் தாய்க்கோ தமக்கைக்கோ எத்தனை நாட் பேர் சேர்ந்தால் அக்குப்பியின் விலை தேறும் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குப்பி முடிந்தால் மற்றொன்று. அதுவும் பலிக்காவிட்டால் கைத்தொலைபேசியில் விளம்பரமாகும் வேறொன்று. இவ்வாறு கழியும் பணமும் மன அமைதியும் கொஞ்சமல்ல.

ஆகவே, ஆண்களின் தலைமயிர் உதிர்வைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மயிர் உதிர்தல் என்பது ஒரே நோய் அன்று. தானாகப் போய்த் தானாகத் திரும்புவதும் உண்டு. போனால் திரும்பாததும் உண்டு. வேறொரு நோயின் அடையாளமாக வருவதும் உண்டு. இம்மூன்றையும் பிரித்தறியாத வரையில் எந்த மருந்தும் கண்ணைக் கட்டிக்கொண்டு எறியும் கல்லே ஆகும்.

மயிரின் வாழ்நாள்

மனிதனின் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. நாம் வாரிச் சீவும் மயிர் உயிரற்ற பொருள். கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலிலேதான் இருக்கிறது. ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வீதம் வளர்கிறது. பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வெடுத்து உதிர்ந்து போக, அதே காலில் புதியது முளைக்கிறது. எந்த நேரத்திலும் நூற்றில் 85 முதல் 90 வரையானவை வளர்ந்துகொண்டும், எஞ்சியவை பெரும்பாலும் ஓய்விலும் இருக்கின்றன.

ஓய்வு முடிந்தவை உதிரத்தான் வேண்டும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் வரை விழுவது இயல்பே. நான்கு நாள் தலை முழுகாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் முழுகினால், நான்கு நாட்களாக விழக் காத்திருந்தவை ஒன்றாகக் கையோடு வரும். அதைக் கண்டு தலைமுழுக்கையே விட்டுவிடுவோர் உண்டு. முழுகுவதால் மயிர் உதிர்வதில்லை; உதிர இருந்தது முழுகும்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

போனதும் திரும்பியதும்

கடுங்காய்ச்சல் ஒன்று வந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா ஆகிய எதுவாகவும் இருக்கலாம். பெரிய சத்திர சிகிச்சையாகவோ, திடீரென உணவைக் குறைத்து உடலை மெலியவைத்ததாகவோகூட இருக்கலாம். இத்தகைய அதிர்ச்சி நேர்ந்தவுடன், வளர்ந்துகொண்டிருந்த மயிர்களில் பெருந்தொகையானவை ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வு முடிந்து அவை விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் செல்லும். காய்ச்சல் வைகாசியில் வந்தால் சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வருவது ஆவணியில்.

இதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். இடையில் அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போயிருந்தால் கொழும்புக் குழாய்த் தண்ணீர்மீது பழி விழும். மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தால் தலைக்கவசத்தின்மீது விழும். சவர்க்காரத்தை மாற்றியிருந்தால் அதுவே குற்றவாளி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பது இதுதான்.

அச்சத்தில் அவன் எண்ணெய் வாங்கித் தடவுகிறான். ஆறு மாதத்தில் மயிர் மீண்டும் அடர்ந்து விடுகிறது. எண்ணெயின் பெருமை லயம் முழுவதும் பரவுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது! எண்ணெய் படாத தலையிலும் அம்மயிர் முளைத்தே இருக்கும்.

புழுவெட்டும் இவ்வகையிற் சேர்ந்ததே. காசு வடிவில் வழவழப்பாக ஓரிடம் வெறுமையாகும். பெயரில் புழு இருந்தாலும் அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, தன் மயிர்க்கால்களையே பகையென்று எண்ணித் தாக்குவதால் வருவது அது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் தோன்றியவர்களிற் பலருக்கு ஓராண்டுக்குள் மயிர் தானாகவே முளைத்துவிடுகிறது. அவ்வேளையில் யார் வெங்காயம் தேய்த்திருந்தாலும் வெங்காயத்துக்கே கீர்த்தி. பரவிச் செல்லும் புழுவெட்டுக்கு வைத்தியரின் சிகிச்சை வேண்டும். கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் என்னும் குளிசையை 2022ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா அங்கீகரித்தது.

இவற்றை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “என் தம்பிக்கு முளைத்ததே” என்று அடுத்த வீட்டார் சொல்வது பொய்யன்று. ஆனால் தம்பிக்கு வந்தது ஒன்று. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு வந்திருப்பது வேறொன்று. எண்ணெய் வியாபாரம் செழிப்பது இந்த இடைவெளியிலேதான்.

வழுக்கை என்பது யாது?

நெற்றியின் இரு மூலைகளிலும் மயிர் பின்வாங்கும். உச்சியில் ஒரு வட்டம் தெரியத் தொடங்கும். நாளடைவில் இரண்டும் கூடும். ஆனால் காதோரத்திலும் பிடரியிலும் மயிர் நிலைத்து நிற்கும். இந்த ஒழுங்கைக் கண்டால் அது ஆண்களுக்குரிய பரம்பரை வழுக்கை என்று அறியலாம். ஐரோப்பியரிடையே 50 வயதை எட்டிய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது உண்டு. ஆசிய மக்களிடையே பொதுவாகச் சற்றுக் குறைவு.

இதன் மூலத்தைத் தெளிவாக்கியவர் ஜேம்ஸ் ஹமில்ரன் என்னும் அமெரிக்க அறிஞர். பருவமடையுமுன் விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோது, பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது தோன்றியதையும் 1942ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். ஓமோன் மட்டும் போதாது, பரம்பரை மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

மாணவ வாசகர்களுக்காக இன்னும் சிறிது சொல்வோம். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஓமோனை ஒரு நொதியம் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் வலிமை மிக்க பொருளாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் சிலருக்குப் பிறவியிலேயே அப்பொருளுக்கு இளகியவை. அதன் தாக்கத்தால் அவை சுருங்குகின்றன. வளரும் காலம் குறைகிறது. தடித்த கரிய மயிர் முளைத்த இடத்தில் மெல்லிய பூனை மயிர் முளைக்கிறது. பின்னர் அதுவும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. வழுக்கை விழுந்தவர்களின் உடலில் ஓமோன் பெரும்பாலும் மற்றவர்களுக்கு உள்ள அளவே இருக்கிறது. மயிர்க்கால்களின் இயல்புதான் வேறு. ஆகவே வழுக்கையை ஆண்மையின் மிகுதிக்கோ குறைவுக்கோ அடையாளமாகக் கொள்வது பேதைமை.

தாய்மாமன் தலையைப் பார்த்து மருமகனின் தலையெழுத்தைச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதிற் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஓமோனை ஏற்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆண் பிள்ளை அதனைத் தாயிடமிருந்தே பெறுகிறான். ஆனால் வழுக்கைக்குப் பங்களிக்கும் பரம்பரையலகுகள் வேறும் பல உள. அவை தந்தை வழியிலும் வரும். எனவே மாமனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

கவ்வாத்தும் மொட்டையும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஓர் எண்ணம் எளிதில் தோன்றக்கூடும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் புதுத் துளிர் அடர்ந்து கிளம்புகிறதே, அவ்வாறே தலையை மழித்தால் மயிரும் அடர்ந்து கிளம்பாதா? ஊவா மாகாணத்தின் தென்கோடியில் உள்ள கதிர்காமத்தில் முடி காணிக்கை செலுத்தித் திரும்பிய குழந்தையின் தலையைத் தடவி, “இனித் திடமாய் முளைக்கும்” என்று பாட்டிமார் சொல்வதும் இதே நம்பிக்கையில்தான்.

கவ்வாத்துக் கத்தி படுவது உயிருள்ள கிளையில். வெட்டிய இடத்துக்குக் கீழே உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. சவரக் கத்தி படுவதோ உயிரற்ற மயிரில். வெட்டுண்ட செய்தி தோலுக்கடியில் உள்ள காலுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. மழித்தபின் முளைக்கும் மயிர் தடித்துத் தோன்றுவது, அதன் முனை கூர் மழுங்கி இருப்பதால் உண்டாகும் தோற்றமே. நேர்த்திக்கடனை முருகனுக்காகச் செலுத்துங்கள்; மயிர் வளர்ச்சிக்காக வேண்டியதில்லை.

மருந்து உண்டா?

உண்டு, ஆனால் இழந்ததை மீட்பதிலும் எஞ்சியதைக் காப்பதிலேதான் அதன் வல்லமை அதிகம். நன்கு ஆராயப்பட்ட மருந்துகளுள் முதன்மையானவை இரண்டு. இரண்டுமே வேறு நோய்களைத் தேடிப்போன வழியில் கிடைத்தவை.

முதலாவது மினொக்சிடில். உயர் இரத்த அழுத்தத்துக்கான குளிசையாக 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உட்கொண்டவர்களுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் மயிர் முளைப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். தலையில் இடும் திரவமாக 1988இல் அது அங்கு அங்கீகரிக்கப்பட்டது. தொடர்ந்து நான்கு மாதமாவது இட்டால்தான் பயன் தெரியும். முதற் சில வாரங்களில் மயிர் முன்னிலும் அதிகமாக உதிரக்கூடும். அதைக் கண்டு பயந்து நிறுத்துவோர் பலர். பயன் கண்டபின் நிறுத்தினாலோ, சில மாதங்களில் பெற்றது போய்விடும். இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது பினாஸ்டரைட். முன்னர்க் கூறிய நொதியத்தைப் பிறவியிலேயே குறைவாக உடைய குடும்பங்கள் டொமினிக்கன் குடியரசில் இருப்பதை 1974ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அக்குடும்பத்து ஆண்களுக்குப் புரஸ்தகோளம் சிறுத்திருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்நொதியத்தை அடக்கும் மருந்தாக பினாஸ்டரைட் உருவாயிற்று. 1992இல் புரஸ்தகோள வீக்கத்துக்கும், 1997இல் சிறிய அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்கு இது தாம்பத்திய இச்சையைக் குறைக்கிறது. மனச் சோர்வும் ஏற்படக்கூடும். மருந்தை நிறுத்திய பின்னும் இவை நீடித்ததாகச் சிலர் முறையிட்டுள்ளனர். உடைந்த குளிசையைக் கர்ப்பிணிப் பெண்கள் கையாலும் தொடக்கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழவிக்கு அது தீங்கு செய்யலாம். ஆகவே நண்பனின் சட்டைப் பையிலிருந்து வாங்கி விழுங்கும் மருந்து அன்று இது.

மூன்றாவதாக, மயிர் நடுதல். நியூயோர்க் நகரில் 1952ஆம் ஆண்டு நோர்மன் ஒரென்றைக் என்னும் வைத்தியர் பிடரி மயிரை எடுத்து வழுக்கையில் நட்டார். இடம் மாறினும் அது பிடரி மயிரின் குணத்தையே காட்டி நிலைத்து நின்றது. வீ.பீ. தேயிலை நடும் தோட்டத்தாருக்கு இது வியப்பளிக்காது; தண்டு எந்த மலையில் நடப்பட்டாலும் தாய்ச்செடியின் குணமே அதில் வரும். ஆனால் செலவு பெரிது. நடாத இடத்தில் உதிர்வது நிற்கப் போவதும் இல்லை. கடன் பட்டுச் செய்யவேண்டிய காரியமாக நாம் இதனைக் கருதவில்லை.

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, நெல்லி இட்டுக் காய்ச்சிய எண்ணெயை நாம் இகழவில்லை. தேங்காயெண்ணெய் மயிரை வழவழப்பாக்கி, அது முறிவதைக் குறைக்கும். பாட்டியின் கையால் தலையில் எண்ணெய் வைப்பதில் உள்ள சுகமும் தனி. ஆனால் சுருங்கிய மயிர்க்காலை எண்ணெய் நிமிர்த்தியதற்கு நல்ல சான்று இல்லை. உள்ளடக்கம் எழுதப்படாத குப்பிகளையும், பெயரற்ற குளிசைகளையும் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்வதற்கென 2015ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்த் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தை, மருந்தாளர் உள்ள கடையிலேயே வாங்க வேண்டும்.

வைத்தியரிடம் செல்ல வேண்டியது எப்போது?

வழுக்கை என்று எண்ணி வாளாவிருக்கக் கூடாத அடையாளங்கள் சில உள. மயிர் திடீரெனத் தலை முழுவதும் கொட்டுதல். உடல் சோர்வு, எடை மாற்றம், குளிர் தாங்காமை ஆகியவற்றோடு உதிர்தல். தோல் சிவந்து, வலித்து, தழும்பாகி மயிர் போதல். புருவமும் சேர்ந்து உதிர்தல் என்பன அவற்றுட் சில. குருதிச் சோகையும், தைரொயிட் சுரப்பியின் கோளாறும், சில மருந்துகளும் மயிரைக் கொட்டச் செய்யும். எளிய இரத்தப் பரிசோதனையிலேயே முதல் இரண்டும் வெளிப்பட்டுவிடும்.

பள்ளிப் பிள்ளையின் தலையில் செதில் படர்ந்து மயிர் முறிந்திருந்தால் அது பெரும்பாலும் பங்கசுத் தொற்று. அது பரவக்கூடியது, களிம்பு மட்டும் போதாது, உள்மருந்தும் வேண்டும். வெளிறிய படையொன்று தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி மரத்து, உரோமமும் உதிர்ந்திருந்தால் தாமதியாது காட்ட வேண்டும். தொழுநோய் அவ்வாறு தொடங்குவதுண்டு. இன்று அது முற்றாகக் குணமாகும் நோய். பதுளை அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால் தோல் நோய் வைத்தியரைக் காண வழியுண்டு. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. ஒரு நாள் வேலையை இழந்து அங்கே செல்வது, பத்துக் குப்பிகளை வாங்குவதினும் இலாபம்.

வழுக்கை விழுந்துவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது வெயிலை. மலை உயர உயரக் கழியூதாக் கதிர்களின் வலிமை மிகும். குளிர்ந்த காற்று வீசுவதால் சூடு தெரிவதில்லை. ஆனால் மயிரற்ற தலைத்தோல் வெந்து போகும். வெளியில் வேலை செய்வோர் தாராளமாகத் தொப்பி அணியலாம். தொப்பியால் வழுக்கை வராது.

வீட்டாருக்கு ஒரு சொல்

மருந்தால் தீராதது ஒன்று எஞ்சியிருக்கிறது. அது வழுக்கை அன்று. வழுக்கையைப் பற்றிய நம் பேச்சு. வகுப்பறையில் “மொட்டை” என்று பட்டப்பெயர் வைப்பதும், கலியாண வீட்டில் நாலு பேர் நடுவே தலையைக் காட்டிக் கேலி செய்வதும் நமக்குச் சாதாரணமாகிவிட்டன. கேலி பொறுக்க மாட்டாமல் நேர்முகப் பரீட்சைக்குப் போகாதவனும், உறவினர் வீடுகளைத் தவிர்ப்பவனும் வாய்திறந்து காரணம் சொல்வதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கிறான், தொப்பியின்றி வாசலைத் தாண்டுவதில்லை, முன்போல் பேசுவதில்லை என்றால், தாயும் தந்தையும் அதை அற்பமென்று தள்ளிவிடாமல் அருகிருந்து கேட்க வேண்டும்.

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் வழுக்கையை மறைப்பதற்காகவே இலைமாலைக் கிரீடத்தை விரும்பி அணிந்தார் என்று பண்டை வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பேரரசை ஆண்டவனுக்கே அவ்வளவு கூச்சம் இருந்ததென்றால், இருபது வயது இளைஞனை நாம் எப்படிக் குறை சொல்வது? ஆனால் இதற்கு மாறான காட்சியும் நம் கண்முன் உண்டு. பதுளை முதியங்கன விகாரையில் மழித்த தலையோடு செல்லும் பிக்குகளை ஊர் வணங்குகிறது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து மலையகத்திலும் பேசினார். திரண்டு வந்த மக்கள் அவர் தலையில் எத்தனை மயிர் உண்டென்று எண்ணவில்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் இதையே சொல்வோம். மாப்பிள்ளையின் குணத்தை விசாரியுங்கள், குடிப்பழக்கத்தை விசாரியுங்கள், உழைப்பை விசாரியுங்கள். தலையை மட்டும் காலத்துக்கு விட்டுவிடுங்கள். இன்று சுருள் சுருளாக இருப்பதும் நாற்பதில் எப்படி இருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

இளைஞர்களே, மயிர் உதிர்ந்தால் முதலில் இது எவ்வகை என்று கேளுங்கள். திரும்பி வருவதாயின் பொறுத்திருங்கள். நோயின் அடையாளமாயின் வைத்தியரை நாடுங்கள். பரம்பரை வழுக்கையாயின் மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை விலையும் விளைவும் அறிந்து நீங்களே தீர்மானியுங்கள். வேண்டாம் என்று தீர்மானித்தால் நல்ல முடிதிருத்துநரிடம் சென்று மயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு நிமிர்ந்து நடவுங்கள்.

கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தும் இடத்தில் மயிர் தேய்வது முதலாகப் பெண்களின் கூந்தலைப் பற்றிக் கூற வேண்டியவை பல உள. அவற்றை வரும் வாரம் பார்ப்போம்.